இடுப்பு மூட்டு மாற்றப் போகிறவர்களுக்கு, மாற்றிக்கொண்ட ஒருத்தி எழுதுவது

எனக்கு வலி இருந்தது வலது முட்டியில். கெட்டுப்போயிருந்ததோ வலது இடுப்பு மூட்டு. இது தெரியவரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன், வயது 49. நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிறவள் முட்டி வலிக்கிறது என்றால் தேய்மானம் என்றுதான் யாருக்கும் தோன்றும், அப்படியேதான் சொன்னார்கள். முட்டிக்கு எக்ஸ்ரே, முட்டிக்கு ஊசி, முட்டிக்கு உறை, அப்புறம் எண்ணெய் போட்டுக் கட்டு. இதிலேயே 30 ஆயிரம் ரூபாய் போல் போயிற்று. பணத்தை விட எனக்கு ஆறாதது அந்த ஒரு வருஷம்தான். நொண்டி நொண்டி நடந்ததில் இடுப்பைச் சுற்றியுள்ள தசையெல்லாம் வற்றிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் பட்ட பாட்டில் பாதி அதனால் வந்தது.

கடைசியாகப் பார்த்த டாக்டர் முட்டியைத் தொடவே இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி, தொடையை மெல்ல உள்பக்கமாகத் திருப்பினார். தொடை இடுக்கில் உயிர் போகிற மாதிரி வலித்தது. எம்ஆர்ஐ எடுத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போல இருக்கும் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு செத்து, மேல்பக்கம் அமுங்கிப் போயிருந்தது. ஏவிஎன் என்கிறார்கள். 2021 மே மாதம் கொரோனாவில் ஆக்சிஜனோடு படுத்திருந்தபோது எனக்கு ஸ்டீராய்டு நிறையக் கொடுத்திருந்தார்கள், அதனால்தான் இருக்கும் என்றார். அந்த மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வார்டில் இருந்த சிலர் வீடு திரும்பவில்லை, நான் திரும்பினேன். ஆனால் இப்படி ஒன்று பின்னால் வரலாம் என்று ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டு நிறைய எடுத்தவர்களும் நெடுநாளாக மது குடிக்கிறவர்களும் தொடை இடுக்கு, தொடை, முட்டி இதில் எங்கே வலித்தாலும், சம்மணம் போடவோ கால் மேல் கால் போடவோ முடியாமல் போனாலும், இடுப்பையும் ஒரு தடவை பாருங்கள் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இடுப்பு மூட்டின் வலி முட்டியில் தெரிவது புதிதல்ல, இரண்டுக்கும் ஒரே நரம்புகளின் கிளைகள் போகின்றன. ஆரம்பத்தில் இந்த நோய் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். பந்து அமுங்குவதற்கு முன்னால் பிடித்துவிட்டால், எலும்பில் துளை போட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்து மூட்டைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. மூட்டு மாற்றுவது ஒன்றுதான் வழி.

கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஆபரேஷனுக்கு வந்து சில நாளில் திரும்ப வேண்டியதாயிற்று. மகன் கோயம்புத்தூரில் கல்லூரியில். வீட்டில் நானும் 78 வயது மாமியாரும்தான். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. சேரும்போது நாள் வாடகை 4,500 ரூபாய் அறையைக் கொடுத்தார்கள். என் பாலிசி 3 லட்சத்துக்கு, அறை வாடகைக்கு அதில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 3,000 ரூபாய்தான் அனுமதி. மீதி 1,500-ஐ நாம் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைப்போம், அப்படியில்லை. அறை எந்த விகிதத்தில் மீறுகிறதோ அதே விகிதத்தில் சர்ஜன் கட்டணம், தியேட்டர் கட்டணம், நர்ஸிங் கட்டணம் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். மருந்துக்கும் பொருத்துகிற மூட்டுக்கும் இந்த விகித வெட்டு கிடையாது என்பது மட்டும் ஆறுதல். பில் 3 லட்சத்து 10 ஆயிரத்தை ஒட்டி வந்தது, காப்பீட்டில் 2 லட்சத்துச் சொச்சம்தான் வந்தது. வளையலை அடகு வைத்துத்தான் வெளியே வந்தேன். சேர்க்கைக் கவுண்டரில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. அறையைக் கேட்பதற்கு முன்னால் பாலிசியில் அறை வாடகை வரம்பு எவ்வளவு, மூட்டு மாற்றுக்குக் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பிறகு அந்தச் செலவைத் தராத ஆரம்பக் காலம்) முடிந்துவிட்டதா என்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, முழங்கால் மூட்டுக்கு 2017-ல் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்தபோது இடுப்பு மூட்டை அதில் சேர்க்கவில்லை. எந்த மூட்டு, என்ன விலை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று, தூக்கத்துக்கும் மருந்து கொடுத்தார்கள். அடுத்த நாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். வருஷக்கணக்காக இருந்த அந்தக் குடைச்சல் வலி இல்லை. வெட்டின இடத்து வலி வேறு, அது நாளுக்கு நாள் குறைகிற வலி. நின்றபடியே அழுதுவிட்டேன்.

நான் அக்கா என்று கூப்பிடுகிற இன்னொரு நோயாளியைப் பார்த்தது மருத்துவமனை வராந்தாவில்தான். மயிலாடுதுறைப் பக்கம் பூக்கடை வைத்திருப்பவர். ஒரு பக்கம் முந்தின வருஷம் மாற்றி, இன்னொரு பக்கம் மாற்ற வந்திருந்தார். சாயங்காலம் வாக்கரோடு நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், வீட்ல கக்கூஸ் எப்படி?" என்பது. மேல்நாட்டு மாதிரி ஒன்று புதிதாகக் கட்டியிருக்கிறோம் என்றேன். "உயரம் பாத்தீங்களா? உக்காந்தா முட்டி இடுப்பை விடத் தாழ இருக்கணும். இல்லன்னா மேல வைக்கிற பிளாஸ்டிக் இருக்கை வாங்கிப் போடுங்க. கைப்பிடி சுவத்துல அடிச்சாச்சா?" அடிக்கவில்லை. அன்று ராத்திரியே மகனுக்குப் போன் போட்டு நான் வீடு போவதற்குள் எல்லாம் செய்யச் சொன்னேன். சர்ஜன் நல்லவர், கைராசிக்காரர். ஆனால் என் வீட்டுக் கழிப்பறையின் உயரம் அவர் மனதில் வராது. அது அக்காவுக்குத்தான் வந்தது.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் பொருத்திய மூட்டின் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதும் அவர்தான். கம்பெனி, அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். என்றாவது மறுபடி திறக்க வேண்டி வந்தால் அந்த டாக்டருக்கு அதுதான் தேவை. படம் எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து காரில் வரும்போது முன் சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்த்து, தலையணை போட்டு உட்காருவதும், முதலில் பின்பக்கத்தைச் சீட்டில் வைத்துவிட்டு இரண்டு காலையும் ஒன்றாகத் திருப்பி உள்ளே எடுப்பதும், வழியில் இறங்கி நாலு எட்டு நடப்பதும் அவர் சொல்லித் தெரிந்துகொண்டதே.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான சோதனை. எனக்குப் பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன். அதனால் முதல் மூன்று மாதம் இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. மீறினால் பந்து, அது உட்கார்ந்திருக்கிற கிண்ணத்தை விட்டு நழுவிவிடலாம். முன்பக்கமாகச் செய்தவர்களுக்குத் தடைகள் வேறு, அதனால் எந்தப் பக்கம் திறந்தார்கள், உங்களுக்கு என்னென்ன கூடாது, எத்தனை வாரத்துக்குக் கூடாது என்று சர்ஜனிடமே கேட்டு எழுதிவையுங்கள். செங்கோணத்தைத் தாண்டாதே என்று சொல்வது சுலபம். தரையில் விழுந்த சீப்பை எடுப்பது, செருப்பு மாட்டுவது, கட்டிலின் கால்மாட்டில் கிடக்கிற போர்வையை இழுப்பது எல்லாமே அந்தக் கோணத்தைத் தாண்டுகிற காரியம். எனக்கு எந்நேரமும் நழுவிவிடுமோ என்ற பயம். ராத்திரி மல்லாந்தே படுக்க வேண்டும், கால்களுக்கு நடுவே தலையணை. தூக்கத்தில் புரண்டுவிடுவேனோ என்று விழித்துக்கொண்டே கிடப்பேன்.

வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயம் ஒன்று. வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் கடுமையாக இருக்கும். வெட்டுக்காயத்தை விட எனக்கு அது பெரிய வேதனையாக இருந்தது, முக்கவும் பயம். முதல் நாளிலிருந்தே மலம் இளக மருந்து கேட்டு வாங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், கழிப்பறை போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். இன்னொரு கூச்சம், குளிப்பது. என் மாமியார் எனக்கு முதுகு தேய்த்துவிட்டார், பாவாடையைக் கால் வழியாக மாட்டிவிட்டார். நான் அவருக்குச் செய்ய வேண்டிய வயதில் அவர் எனக்குச் செய்கிறாரே என்று குமுறிக் குமுறி அழுதேன். "அழுவாத, நாளைக்கு நான் விழுந்தா நீதான் பாக்கப்போற" என்றார். வலி குறைந்த பிறகும், மூன்றாவது வாரம் வாக்கில், காரணமே இல்லாமல் அழுகை வரும், எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கும். அக்காவிடம் போனில் சொன்னபோது, தனக்கும் அப்படித்தான் இருந்தது, யாரிடமும் சொல்லாமல் பூக்கூடையைப் பார்த்தாலே எரிச்சல் பட்டதாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற பயம் போயிற்று. வாரங்கள் கடந்தும் விடாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான் இதுவும்.

காயத்தை மூடப் போட்டிருந்த கிளிப்பை எடுத்த பிறகு கும்பகோணத்திலேயே ஒரு பிசியோதெரபி மையத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே எங்களுக்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணன் ஒருவர், கீழே விழுந்து இடுப்பு முறிந்து மூட்டு மாற்றியவர். எனக்கு வந்த அதே நோயால் முப்பது வயதுக்குள் இரண்டு இடுப்பும் போன ஆட்டோக்காரத் தம்பி. கல்யாண வீடுகளில் சமைக்கிற அம்மா ஒருவர். முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பேசிக்கொள்வதுதான் எங்களுக்குப் பெரிய மருத்துவம். மெத்தென்ற சோபாவில் உட்காராதே, கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு உட்கார், உயரமும் வரும், வளையவும் வளையாது என்று சொன்னது தம்பி. வாக்கரின் முன்கம்பியில் மஞ்சள் பையைக் கட்டி அதில் போன், தண்ணீர் பாட்டில், மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னது சமையல் அம்மா. இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்போது ஒரு டம்ளர் காபியைக் கூட அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பது பட்டால்தான் தெரியும். ஆடை போடும்போது ஆபரேஷன் ஆன காலை முதலில் விடு, கழற்றும்போது கடைசியில் எடு என்று சொன்னதும் அவர்தான். மிதியடி, கயிற்றுப்பாய், தரையில் ஓடுகிற சார்ஜர் ஒயர் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றச் சொன்னார்கள்.

கண்டக்டர் அண்ணன் படி ஏறக் கற்றுக்கொடுத்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில். பிசியோதெரபிஸ்டும் இதைத்தான் சொன்னார், ஆனால் அண்ணன் எனக்கு முன்னால் இரண்டு படி இறங்கிக் காட்டியபோதுதான் பயம் விட்டது. கைத்தடியை நோவுக் கால் பக்கமே பிடிக்கத்தான் மனம் போகும். எதிர்க் கையில் பிடித்தால்தான் இடுப்பின் மேல் விழும் பாரம் குறையும், நடையும் கோணாது. எனக்குக் கால் ஒன்று நீளமாகிவிட்டது போலவே இருந்தது, ஆபரேஷன் தப்பாகிவிட்டதோ என்று பதறினேன். அங்கே இருந்த பாதிப்பேர் தங்களுக்கும் அப்படி இருந்து சில மாதத்தில் சரியானதாகச் சொன்னார்கள். தசைகள் இறுகியிருப்பதால் பலருக்கும் அப்படித் தோன்றும் என்று சர்ஜன் அளந்து பார்த்துச் சொன்னார். நிஜமாகவே வித்தியாசம் இருந்தால் செருப்பில் திண்டு வைத்துச் சரிசெய்வார்கள்.

தம்பி சொன்ன ஒரு விஷயம் பலருக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். அவருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. கையிலிருந்து போனது போக்குவரத்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும்தான். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தனியாரில் செய்ய வட்டிக்கு வாங்கலாமா என்று அவர் வீட்டில் யோசித்தபோது, வார்டில் படுத்திருந்த இன்னொரு நோயாளிதான் தடுத்து இந்த வழியைச் சொன்னாராம். பிசியோதெரபிக்கு எனக்கு 15 ஆயிரம் ரூபாய் போல ஆனது. டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவையும் பாலிசியில் சொன்ன நாள் வரை கேட்கலாம், டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டும் பில்லும் இருக்க வேண்டும் என்று கண்டக்டர் அண்ணன் சொன்னதால் அதில் ஒரு பகுதி திரும்ப வந்தது.

சக நோயாளிகள் சொல்வதை எல்லாம் கேட்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே வந்த ஒருவர், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையைத் தான் பத்து நாளில் நிறுத்திவிட்டதாகவும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காலின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் மருந்தைப் பொறுத்து ஐந்து வாரம் வரை கூடக் கொடுப்பார்கள். நான் டாக்டருக்குப் போன் செய்து கேட்டுவிட்டு அவர் சொன்ன நாள் வரை சாப்பிட்டேன். ஆடுசதை வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும், தையல் இடம் சிவந்து நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் கூட்டத்தில் கேட்கிற வேலை கிடையாது, நேராக மருத்துவமனை. எப்படி உட்காருவது, எப்படிக் குளிப்பது, எப்படிப் பயத்தைத் தாங்குவது என்பதை அனுபவப்பட்டவரிடம் கேளுங்கள். மருந்தைப் பற்றி மட்டும் வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஆகாது. எனக்குப் பின்னால் ஆபரேஷன் ஆன ஒருவர் நாலாவது வாரத்தில் தடியில்லாமல் நடந்து வந்தபோது நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடக்கூட இல்லை. எத்தனை வருஷம் நொண்டினோம், தசை எவ்வளவு வற்றியிருந்தது, என்ன வயது, எப்படிச் செய்த ஆபரேஷன் என்று ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலமில்லாததால் நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தேன். சுவரைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குகிற பயிற்சியை மாதக்கணக்கில் செய்த பிறகுதான் சாய்வு போயிற்று. வலி போனதும் பலர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், வலி போன பிறகுதான் நடை திருந்துகிற வேலையே தொடங்குகிறது.

இது எத்தனை வருஷம் தாங்கும் என்பது எங்கள் கூட்டத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி. பத்து வருஷம்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் 58 சதவீதம் 25 வருஷம் தாங்குகின்றன. கணக்கு டீச்சர் என்பதால் இந்த எண்ணைத் தம்பிக்கு நான்தான் விளக்கினேன். முப்பது வயதுக்காரருக்கு அது முழு நிம்மதி தருகிற எண் இல்லை, ஆனால் பத்து வருஷத்தில் மறுபடி படுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டிருந்தவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது பள்ளிக்குப் போகிறேன், இடைவேளைகளில் உட்கார நாற்காலி போட்டிருக்கிறார்கள். தரையில் உட்காருவதில்லை, பந்தியில் மேசை கேட்டு வாங்குகிறேன். பல் டாக்டரிடம் போனால் இடுப்பில் மூட்டு வைத்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடது இடுப்பிலும் நோயின் ஆரம்பம் இருக்கிறது, சர்ஜன் சொன்ன இடைவெளியில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறோம். அதுவும் ஒருநாள் போகலாம் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. என் வாக்கரும் கழிப்பறை இருக்கையும் இப்போது திருவிடைமருதூரில் ஒரு அம்மாவிடம் இருக்கின்றன, அவருக்கு முன்னால் இன்னொருவரிடம் இருந்தன. இப்படிக் கைமாறி வாங்குகிறவர்கள் வாக்கர் கால்களில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா, நாலு காலும் ஒரே உயரத்தில் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிமிர்ந்து நின்றால் கைப்பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வருகிற மாதிரி மாற்றிக்கொண்டு பிடியுங்கள். ரப்பர் தனியாக மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.